சிட்டாகிளிப்டினும் இன்சுலினைத்தானே சுரக்க வைக்கிறது, லோ சுகர் ஏன் வருவதில்லை?

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். ஏகாதசி விரதத்தன்று கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்துவிட்டது. டாக்டர் அதை நிறுத்திவிட்டு சிட்டாகிளிப்டின் கொடுத்தார். இரண்டுமே இன்சுலினைச் சுரக்க வைப்பவைதானாம். அப்புறம் என்ன வித்தியாசம்? பழைய மாத்திரை இரண்டு பட்டை மீதி இருக்கிறது. சர்க்கரை ஏறும் நாளில் அதையும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ள வேண்டாம். காரணம் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லில் இருக்கிறது.

அந்தச் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாசல் ஒன்று உண்டு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் செல் அதை எரித்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. ஏடிபி வாசலை அடைக்கிறது. உடனே செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, தயாராக இருக்கும் இன்சுலின் பொட்டலங்களை வெளியே தள்ளுகிறது. அதாவது, சர்க்கரை வந்தால்தான் வாசல் அடைபடும்.

கிளிமிபிரைடு அந்த வாசலோடு ஒட்டியிருக்கும் ஏற்பியில் (ரிசப்டரில்) போய் உட்கார்ந்து நேரடியாக வாசலை அடைத்துவிடுகிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்ப்பதில்லை. இந்த மருந்துக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டதே லோ சுகரால்தான். 1942-ல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில், டைபாய்டுக்கு ஒரு சல்ஃபா மருந்து கொடுத்தபோது நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்கியதை மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் கவனித்தார்.

உங்கள் கை நடுங்கியது, சர்க்கரை இறங்கும்போது உடம்பு சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனால். அதற்கும் பீட்டா செல்லில் ஓர் ஏற்பி இருக்கிறது. இன்சுலினைக் குறைக்கச் சொல்லும். அன்று உடம்பு பிரேக் போட, மாத்திரை எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறது.

சிட்டாகிளிப்டின் பீட்டா செல்லை நேரடியாகத் தொடுவதே இல்லை. சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் வரும். டிபிபி-4 என்ற நொதி அதை இரண்டொரு நிமிடத்தில் சிதைத்துவிடும். இந்த மாத்திரை அந்த நொதியைத் தடுப்பதால் ஹார்மோன் கூடுதல் நேரம் நின்று, பீட்டா செல்லில் தனக்கான ஏற்பியைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டல் ஊதுகுழல் மாதிரி. அடுப்பு எரிந்தால் தீ ஓங்கும். எரியாத அடுப்பை ஊதினால் சாம்பல்தான் பறக்கும். சர்க்கரை குறைவாக இருக்கும்போது கால்சியம் உள்ளே வராது, எனவே இன்சுலினும் பெரிதாக வராது.

டாக்டர்கள் சிலருக்கு இரண்டையும் சேர்த்துத் தருவதுண்டு. ஆனால் அப்போது கிளிமிபிரைடின் அளவைப் பெரும்பாலும் குறைத்துவிடுவார்கள். நீங்களாகச் சேர்த்தால் பழைய நடுக்கம் திரும்பலாம். மீண்டும் அப்படி வந்து, சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

சிட்டாகிளிப்டினின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது. அதனால் கிரியாட்டினின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.