எம்.இ. படித்தால் கூடுதலாக என்ன தெரிந்துகொள்வேன்?

கேள்வி: பி.இ. (இ.இ.இ.) முடித்திருக்கிறேன். எம்.இ. பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ் சேரலாமா என்று யோசிக்கிறேன். படித்ததையே இன்னும் இரண்டு வருடம் படிப்பதுதானா?

பதில்: பாடத் தலைப்புகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பக் கன்வர்ட்டர் (டி.சி. மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று) இரண்டிலும் வருகிறது. ஆனால் எங்கே கேள்வி முடிகிறது என்பதில்தான் வேறுபாடு.

48 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி 10 ஆம்பியர் தரும் பக் கன்வர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சிங் 100 கிலோஹெர்ட்ஸ், ரிப்பிள் (மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம்) 3 ஆம்பியர் என்றால் இண்டக்டர் 30 மைக்ரோஹென்றி. பி.இ. தேர்வில் இத்துடன் முழு மதிப்பெண். போர்டில் ஏற்றும்போதுதான் வம்பு. உச்ச மின்னோட்டம் 11.5 ஆம்பியர், அதற்கு முன்பே கோர் சாச்சுரேட் ஆகிற (மேலும் காந்தப்புலத்தை ஏற்க முடியாமல் நிரம்பிவிடுகிற) இண்டக்டரைப் போட்டால், மின்னோட்டம் ஊசிபோல எகிறும்.

48 வோல்ட்டுக்கு 60 வோல்ட் மாஸ்ஃபெட் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) தாராளம் என்று நினைப்போம். போர்டின் செம்பு டிராக்கில் 20 நானோஹென்றி இண்டக்டன்ஸ் இருந்து, 10 ஆம்பியர் 10 நானோ வினாடியில் அணைந்தால் கூடுதலாக 20 வோல்ட் எழும். 68 வோல்ட்! உள்ளீட்டு செராமிக் கெப்பாசிட்டரை மாஸ்ஃபெட்டுகளை ஒட்டி வைத்து, மின்னோட்டம் சுற்றிவரும் லூப்பைச் சுருக்குவதே முதல் மருந்து. 100 வோல்ட் மாஸ்ஃபெட் அடுத்தது. அந்தக் கெப்பாசிட்டரும் 50 வோல்ட் ரகமாக இருந்தால், 48 வோல்ட்டில் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். ஐடியல் ஸ்விட்ச் வைத்த சிமுலேஷனில் இவை எதுவும் தெரியாது.

அளப்பதும் ஒரு கைத்திறன். ஆஸிலோஸ்கோப் புரோபின் நீளமான கிரவுண்ட் வயரோடு பார்த்தால், இல்லாத ரிங்கிங்கும் (வேகமான அலைவும்) திரையில் ஆடும். குட்டையான ஸ்பிரிங் கிரவுண்ட் போடுங்கள். வெளியீட்டைச் சீராக வைக்கும் கண்ட்ரோல் லூப்பிலும் அப்படியே: கிராஸோவரை (லூப் கெயின் ஒன்றாகும் அதிர்வெண்ணை) 10 கிலோஹெர்ட்ஸ் அருகே வைத்து, ஃபேஸ் மார்ஜின் (லூப் நிலைகுலையாமல் இருப்பதற்கான இடைவெளி) 45 பாகைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று போர்டிலேயே அளக்க வேண்டும்.

இதெல்லாம் ஹார்டுவேர் செய்தால்தான் கைவரும். புராஜெக்ட் முழுவதையும் சிமுலேஷனிலேயே முடித்துப் பட்டம் வாங்குவோரும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை உங்கள் சந்தேகம் சரியே. சேருமுன் கல்லூரி லேபைப் போய்ப் பாருங்கள். எலக்ட்ரானிக் லோடு, கரண்ட் புரோப், டிஃபரென்ஷியல் புரோப் இருக்கின்றனவா, மாணவர்கள் கையில் தருகிறார்களா என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமே கேளுங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.