வாய்க்கா தண்ணி, கெணத்துத் தண்ணி: கீழ்பவானி ஆயக்கட்டுக்காரங்க கேள்வியும் என் பதிலும்

பவானிசாகர் அணையில இருந்து ஈரோட்டுப் பக்கம் வர்ற கீழ்பவானி வாய்க்கா தண்ணியையும் கெணத்துத் தண்ணியையும் எப்படி சேர்த்து வெச்சுக்கறதுன்னு நெறைய பேரு கேட்டிருந்தீங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நமக்கு இரட்டைப்படை மதகுல (அந்தக் கணக்கு கீழ சொல்றேன்) ஆறு ஏக்கரா, கெணறு ஒண்ணு, வத்திப்போன போர் ஒண்ணு. நம்முளுது பாறை பூமி, அதனால தஞ்சாவூர் வண்டல்காரங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க.

அறச்சலூர்ல இருந்து ஒரு தம்பி: அண்ணா, வாய்க்கால்ல தண்ணி வந்தப்புறமும் மோட்டார் ஓட்டலாமா? கரண்ட்டு ஃப்ரீதானுங்களே.

ஃப்ரீங்கறதாலதான் தம்பி எல்லாரும் ஓட்டி கெணத்தைக் காலி பண்றோம். ஆகஸ்ட் 15 வாக்குல நஞ்சைக்கு தண்ணி தெறக்கறப்ப எங்க கெணத்துல அடிப்பாறை தெரியும், அப்புறம் மோட்டாரத் தொடாம வுட்டா கார்த்திகையில மேல இருந்து பத்தாவது படி வரைக்கும் வந்து நிக்கும், மழை ஏமாத்துன வருஷத்துலயும் பாதிக்கு மேல ஏறிடும். எல்லாம் வாய்க்கா கசிவும் நெல்லு வயல்ல எறங்கற தண்ணியுந்தான். வாய்க்கா ஓடற நாலு மாசம் கெணறு ரொம்பற காலம், வாய்க்கா அடைச்சப்புறம் எடுத்து செலவு பண்ற காலம், ரெண்டும் ஒரே தண்ணிதான். முறை வராத நாள்ல நாத்து காயுதுன்னா மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டிக்குங்க.

பெருந்துறைப் பக்கம் ஒரு அக்கா: எங்க மதகுக்கு இந்த வருஷம் புஞ்சை முறை. மஞ்சள் நடலாமுங்களா?

முறை தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். ஆயக்கட்டு, அதாவது வாய்க்கா பாயற நெலம், மொத்தம் 2,07,000 ஏக்கரா, அத பாதிப்பாதியா பிரிச்சு ஒரு வருஷம் ஒத்தைப்படை மதகுக்கு நஞ்சை, இரட்டைப்படைக்கு புஞ்சை, அடுத்த வருஷம் மாத்தி. நஞ்சைக்கு 24 டிஎம்சி, புஞ்சைக்கு 12தான், அதுவும் நனைப்பு நனைப்பா வுட்டு வுட்டு வரும். மஞ்சள் வைகாசி ஆனியில நட்டு தை மாசி வரைக்கும் நிக்கறது, உங்களுக்கு வாய்க்கா தண்ணி வர்றதே அது வெட்டுக்கு வர்ற நேரத்துலதானுங்க்கா, அப்ப முழுசும் கெணத்த நம்பித்தான் நடணும். பக்கத்து மதகுல நெல்லு இருந்தா கசிவு கொஞ்சம் வரும், அதை நம்பி அரை ஏக்கரா நடுங்க, மிச்சத்துல தை மாசம் கடலையோ எள்ளோ போட்டா நனைப்புலயே வந்துரும்.

சென்னிமலைக்காரர்: கெணத்துல இருக்கற தண்ணி எத்தனை ஏக்கராவுக்குப் பத்தும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கயித்துல கல்லக் கட்டி உட்டுப் பாருங்க, எவ்வளவு நனைஞ்சிருக்குன்னு. 30க்கு 30 அடி கெணத்துல 20 அடி தண்ணி நின்னா 18,000 கன அடி, அதாவது 5 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கராவுல ஒரு இஞ்ச் நிக்க ஒரு லட்சம் லிட்டர் வேணும். கடலைக்கு ஒரு தடவைக்கு ரெண்டு இஞ்ச்னு வெச்சா ரெண்டரை ஏக்கராவுக்குத்தான் வரும், ராத்திரி ஊறறது தனிக்கணக்கு. கொப்பு வாய்க்கால்ல (மதகுல இருந்து பிரிஞ்சு வயலுக்கு வர்ற சின்ன வாய்க்கா) வினாடிக்கு ஒரு கன அடி வேகத்துல வந்தா அதே ஒரு ஏக்கரா இஞ்ச் ஒரு மணி நேரத்துல பாஞ்சுரும், அதனால முறைத்தண்ணி நேரத்துல வரப்புல உக்காந்து போன் பாக்காதீங்க.

அதே ஆள் மறுபடி: 900 அடி போர் போட்டா?

நான் போட்டேன், 2017 வறட்சியில, அதான் மேல சொன்ன வத்திப்போன போர். மூணு மாசம் வந்துச்சு, அப்புறம் காத்துதான். நம்ம பாறையில தண்ணி தங்கறது மேல இருக்கற மக்குன பாறையிலதான், அடியில வெறும் வெடிப்பு, அதுல இருந்தா உண்டு. 5 எச்பி மோட்டார் 80 அடியில இருந்து மணிக்கு 25,000 லிட்டர் எடுக்கும்னா 600 அடியில இருந்து 4,000 எடுத்தா பெரிய விசயம். அந்தக் காசுல கெணத்தத் தூர் வாருங்க.

கடைமடைல இருந்து: எங்க கெணறு உப்பு. வாய்க்கா தண்ணியோட கலக்கலாமா மாமா?

மொதல்ல டெஸ்ட் குடுங்க மாப்ள, ஈசி, அதாவது தண்ணியோட உப்பளவு, 4ன்னு வந்து வாய்க்கா தண்ணி அரைன்னா பாதிக்குப் பாதி கலந்தா ரெண்டேகாலுக்கு எறங்கும். தொட்டி இல்லீன்னா மாத்தி மாத்திப் பாச்சுங்க, மொளைக்கறப்பயும் பூக்கறப்பயும் நல்ல தண்ணி, நடுவுல உப்புத் தண்ணி. தென்னை ஓரளவு தாங்கும், அவரை பீன்ஸ் பக்கம் போகாதீங்க.

கோபிலருந்து: வாய்க்காலுக்கு கான்கிரீட் போடறத பத்தி உங்க கருத்து?

வம்பு கேள்வி. மதகு ஒடைஞ்சிருந்தா, கரை பலமில்லீன்னா சரி பண்ணட்டும், கடைமடைக்காரன் வயித்தெரிச்சலும் நாயந்தான். ஆனா 200 கிலோமீட்டருக்கும் அடியில சிமெண்ட் பூசுனா கசிவ நம்பி இருக்கற கெணறு பூரா போயிரும், அப்புறம் அவங்களும் வாய்க்கா தண்ணிதான் கேப்பாங்க, மிச்சம் பண்ணுன தண்ணி எங்க இருக்கும்?

ஒருத்தர்: வாய்க்கா தண்ணிய நேரா போர்ல உட்டு ரீசார்ஜ் பண்ணலாமா?

வேண்டாம். வண்டல் எறங்கி வெடிப்ப அடைச்சுரும், வாய்க்கால்ல பைப்பு போடறது சட்டப்படி தப்பு வேற. மழைத்தண்ணிய ஜல்லி, மணல் போட்ட குழி வழியா வேணா உடுங்க.