வாய்ப் புற்று ஆபரேஷன் முடிந்த அப்பா பக்கத்தில் நாய் இருக்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு 57 வயது. இளவட்டத்திலிருந்தே புகையிலை போடுவார். இடது கன்னத்துக்குள் புண் வந்து, புற்று என்று சொல்லி, மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கன்னத்தையும் கீழ்த்தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு நெஞ்சுச் சதையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, மூக்கில் குழாய் இன்னும் இருக்கிறது. அடுத்து கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டும், கூடவே கீமோவும் உண்டு என்கிறார்கள். யார் பார்க்க வந்தாலும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். எங்கள் நாய் செவலை வந்தால் மட்டும் எழுந்து உட்காருகிறார். அது சிப்பிப்பாறைக் கலப்பு, நாலு வயது, குட்டியில் ஊசி போட்டது, அப்புறம் போடவில்லை. நாய் முடி பட்டால் புண்ணில் சீழ் வைக்கும், நோய் திரும்ப வரும், தோட்டத்துக்கு அனுப்பிவிடு என்று மாமா சொல்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறார். என்ன செய்யட்டும்?"

அனுப்பாதீர்கள். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் மாமா செவலையை வண்டியில் ஏற்றிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் வீட்டில் இருக்கட்டும், அப்பா பக்கத்திலேயே இருக்கட்டும், ஆனால் நாயின் வாய் மட்டும் அப்பாவின் வாய்க்கும் புண்ணுக்கும் குழாய்க்கும் எட்டக் கூடாது. கட்டுப்பாடு என்று பார்த்தால் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதைக் காப்பாற்றுவதற்கான வழிகள்.

நோய் திரும்பும் என்ற பயத்தை முதலில் பார்ப்போம். நாய் முடியாலோ மூச்சாலோ புற்று வராது, வந்து போனது திரும்பவும் செய்யாது. அப்பாவுக்கு இது பெரும்பாலும் புகையிலையால் வந்தது, நம் ஊரில் கன்னத்துக்குள்ளும் ஈறோரத்திலும் புற்று இவ்வளவு வருவதே புகையிலையை அங்கே ஒதுக்கி வைக்கிற பழக்கத்தால்தான். புகையிலையை விட்டாச்சு, வெறும் வெத்தலை பாக்குதான் என்பவர்களும் தப்ப முடியாது. கொட்டைப்பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நாயை அனுப்பச் சொல்லும் மாமா மடியில் வெத்தலைப் பையோடு கட்டில் ஓரம் வந்து உட்காருகிறாரா என்று கொஞ்சம் கவனியுங்கள். வீட்டை விட்டு அனுப்ப வேண்டியது அந்தப் பையைத்தான்.

முடி விஷயத்தில் இன்னொரு கூத்தும் நடக்கும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவின் வாய்க்குள் இருப்பது நெஞ்சுத் தோல். ஆண்களுக்கு அதில் முடி வளரும். ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு யாராவது "அய்யோ, நாய் முடி உள்ளே போயிருச்சு" என்று கத்துவார்கள். அது அப்பாவின் சொந்த நெஞ்சு முடிதான். பிடித்து இழுக்காதீர்கள், உறுத்தினால் டாக்டரிடம் காட்டுங்கள். கரண்ட் வைத்த பிறகு பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது எச்சிலுக்கு. நோய் நொடி இல்லாத நாயின் வாயிலும் பாஸ்சுரெல்லா, கேப்னோசைட்டோஃபாகா மாதிரி கிருமிகள் இருக்கும். நமக்கு அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தையல் ஆறாத வாயும், கீமோவால் வெள்ளை அணு குறைந்த உடம்பும் சேர்ந்தால் கதை வேறு, ரத்தத்தில் கலந்து ஆளைப் படுக்க வைத்துவிடும். அதனால் முகத்தை நக்கவிடக் கூடாது, அப்பாவே ஆசைப்பட்டாலும் கூடாது. இதில் வீட்டுக்காரர்கள் கோட்டை விடும் இடம் துண்டு. கீழுதடு மரத்துப்போய், ஓரம் சரியாக மூடாமல், எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், அவருக்கு அது வழிவது கூடத் தெரியாது, மடியில் ஒரு துண்டு எப்போதும் ஈரமாகக் கிடக்கும். நாய்க்கு அந்த வாசம் பிடிக்கும். மடியில் தலை வைக்கிற சாக்கில் துண்டை நக்கும், அதே துண்டால் அப்பா வாயைத் துடைப்பார். ஆகவே வாய் துடைக்கும் துண்டு தோளில் இருக்கட்டும், நாய்க்கு விரிப்பது வேறு நிறத்தில் மடியில் இருக்கட்டும், இரண்டையும் தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

அடுத்து மூக்குக் குழாய். கஞ்சி, பால், முட்டை என்று அதில் போவதெல்லாம் செவலைக்கும் பிடித்த சாமான்தான். குழாய் ஏற்றும் நேரத்தில் நாய் வாசலுக்கு வெளியே கட்டிக் கிடக்கட்டும், முடிந்ததும் குழாயின் நுனியை மூடி, சுருட்டி, சட்டைக்குள் விட்டு பிளாஸ்டர் போட்டுவிடுங்கள். தொங்கவிட்டால் ஒரு நாள் கால் மாட்டி இழுத்துவிடும், திரும்பக் குழாய் போடுவது அப்பாவுக்கு எவ்வளவு கொடுமை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் மூச்சுக் குழாயும் இன்னும் இருந்தால் அதன் மேல் நனைத்த காஸ் துணி எப்போதும் இருக்க வேண்டும், அந்த நாட்களில் நாய் காலடியோடு நிற்கட்டும், மடிக்கு வர வேண்டாம்.

நாயைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய், குழாய், கஞ்சி எதையும் தொடக் கூடாது. இது அப்பாவைவிட உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் அதிகம், குழாயில் ஊற்றுவது நீங்கள்தானே. உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து, பூச்சி மாத்திரை, வாரம் ஒரு குளியல், நகம் வெட்டுவது எல்லாம் வேறு யாராவது பார்க்கட்டும். கழிவை அள்ளும் வேலையும் அப்பாவுக்கு வேண்டாம். செவலைக்குப் பச்சைக் கறி போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிட்டு வேக வைத்தே போடுங்கள்.

"குட்டியில் ஊசி போட்டது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். வெறிநோய்த் தடுப்பூசி வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. தெருவில் சுற்றி வருகிற நாய்க்கு அது விட்டுப்போயிருந்தால், ஆறாத புண்ணிலோ வாய்க்குள்ளோ அதன் எச்சில் படுவதும் கடிபட்ட கணக்கில்தான் சேரும், ஆபத்து அதிகமான மூன்றாம் வகை என்று வைத்து தடுப்பூசியும், உடனே கிருமியைத் தடுக்கிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டிவரும். எனவே நாளைக்கே பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். பலன் முழுசாகக் கிடைக்க மூன்று, நான்கு வாரம் ஆகும், அதுவரைக்கும் செவலை தெருவுக்குப் போகாமல் கட்டியே இருக்கட்டும். அதையும் மீறிக் கடித்தாலோ பிராண்டினாலோ ஆறாத இடத்தில் நக்கினாலோ, கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறார் என்பதை அங்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அவர்கள் பார்க்கிற கணக்கு வேறு.

கரண்ட் பற்றியும் ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது ஏறின உடம்பு பக்கத்தில் குழந்தை, நாய் எதுவும் போகக் கூடாது என்று. மெஷினில் வெளியிலிருந்து வைக்கிற கதிர் மெஷினை அணைத்ததும் முடிந்தது. அப்பாவின் உடம்பில் எதுவும் தங்காது, அவரால் செவலைக்கும் பேரப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை. தைராய்டுக்காரர்களுக்கு அயோடின் குடிக்கக் கொடுப்பார்களே, அந்த சங்கதி வேறு, அதை இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். ஆபரேஷனிலிருந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் ஆரம்பிப்பது நல்லது, பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் அளவுக்கு ஓடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்திலிருந்து வாயெல்லாம் புண்ணாகும், கழுத்துத் தோல் கறுத்து உரியும். நாய் கழுத்தில் மூஞ்சியை வைத்துத் தேய்க்காமல் பார்க்க வேண்டியது அப்போதுதான்.

இத்தனை பத்தியத்தோடு நாயை ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், தாடை எடுத்தவர்களைத் தினமும் பார்க்கிற வேலை என்னுடையது. வலியைவிட அவர்களை அதிகம் முடக்குவது மற்றவர்களின் முகம். பேத்தி பார்த்துப் பயந்துவிடுவாளோ என்ற நினைப்பு, நாலு வார்த்தை சொன்னால் "என்ன? என்ன?" என்று எதிரில் இருப்பவர் காதை நீட்டுவது, வந்தவர்கள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஃபேனைப் பார்ப்பது. செவலைக்கு இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. வாசத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பழைய ஆள்தான்.

2015-ல் நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரி வெளியிட்ட ஆய்வில், கதிரும் கீமோவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நோயாளிகளை, அவர்களில் நிறையப் பேர் தலை-கழுத்துப் புற்றுக்காரர்கள், பழக்கிய நாய்கள் சிகிச்சை நாட்களில் வந்து பார்த்துப் போயின. சிகிச்சை போகப் போக உடம்பு தளர்ந்தது, அது எதிர்பார்த்ததுதான், ஆனால் மனசும் மற்றவர்களோடு பழகுவதும் தேறியிருந்தன. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க நாய் வராத குழு என்று ஒன்று வைக்கவில்லை, ஆகவே நாய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் பார்க்கிறதோடு அது ஒத்துப்போகிறது, அவ்வளவு சொல்லலாம்.

செவலை பக்கத்தில் படுத்துக் கிடப்பதோடு நிறுத்தாமல் அதை வைத்து வேலை வாங்குங்கள். உதடு சரியாக ஒட்டாதவர்களுக்கு ப, ம, வ இந்த எழுத்துகள் வருவது சிரமம். ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்ததை உங்கள் எதிரில் சொல்லக் கூச்சப்படுவார், நாயிடம் சொல்வார். "வா", "போ", "படு", "பால் வேணுமா" என்று அதனோடு பேசச் சொல்லிவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள், நின்று கேட்கக் கூடாது. வாய் திறக்கும் பயிற்சியும் அப்படித்தான். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, நாளாக நாளாக ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள், எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். வலிக்கிற, அலுப்பான வேலை. விட்டுவிட்டால் கரண்ட் வைத்த பிறகு தாடை இறுகி ஒரு விரல் கூட நுழையாமல் போகும். நாய்க்குச் சோறு வைக்கிற நேரத்தோடு இதைச் சேர்த்துவிட்டால் நாயே வந்து நிற்கும், அப்பா தட்டிக்கழிக்க முடியாது.

கூப்பிட்டால் செவலை வராமல் போக வாய்ப்பு உண்டு, அதற்குத் தயாராக இருங்கள். அப்பா விசில் அடித்துக் கூப்பிடுகிறவராக இருந்தால் இனி உதடு குவியாது, குரலும் மாறியிருக்கும், உடம்பில் மருந்து வாடை அடிக்கும். நாய் தள்ளி நின்று பார்த்தால் "இதுக்கும் என்னைத் தெரியலையே" என்று உடைந்து போவார்கள், பார்த்திருக்கிறேன். முதலில் கையை முகரக் கொடுங்கள், பிறகு தட்டில் தட்டுவது, கை தட்டுவது என்று புதிதாக ஒரு சத்தத்துக்குப் பழக்குங்கள். நாய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நடை நல்லது, ஆனால் கயிறு அப்பா கையில் வேண்டாம். கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குத் தோள் நரம்பு தளர்ந்து அந்தப் பக்கக் கை மேலே தூக்க வராது, நெஞ்சிலும் சதை எடுத்திருக்கிறது. சிப்பிப்பாறை ரத்தம் ஒரு ஆட்டைக் கண்டு பாய்ந்தால் போதும். (அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கிற ஒருவர், வாடிவாசல் வரைக்குமாவது காளையைப் பிடித்துப் போகலாமா என்று கேட்டார். இந்தத் தை மட்டும் மகன் கையில் கொடுங்கள் என்றேன், முறைத்தார்.) காலை வெயில் ஏறுவதற்குள் நீங்கள் கயிற்றைப் பிடிக்க, அப்பா கூட நடக்கட்டும். நாயோடு வருகிறவரிடம் ஜனங்கள் முதலில் நாயைப் பற்றித்தான் கேட்பார்கள், அது அவருக்குக் கொஞ்சம் இளைப்பாறல்.

நாய் பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் எல்லாரும் ஒதுங்கிவிடக் கூடாது, அம்மா உட்பட. எதிரில் உட்காருங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டாமல் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். செவலை வந்தும் எழுந்திருக்கவில்லை, குழாயில் ஊற்ற விடவில்லை, தூக்கமில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி பேசுகிறார் என்றால் அது நாயால் தீருகிற விஷயமில்லை. டாக்டரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள், இரவு நேரமானால் 14416-க்கு அடிக்கலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

கீமோ ஆரம்பிக்கும் முன் வீட்டில் நாய் இருப்பதை டாக்டரிடம் சொல்லி, அதன் ஊசி அட்டையைப் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அணு ரொம்பக் குறைந்த நாட்களில் நாயைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டுங்கள், அப்பா பார்க்கும்படி. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நாயால் வந்ததா வேறு எதாலா என்று வீட்டில் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், ராத்திரியானாலும் சிகிச்சை எடுக்கிற ஆஸ்பத்திரிக்கே கிளம்பிவிடுங்கள்.