சப்ளையர், கோடவுன், ஆன்லைன் கடை: ஸ்டாக் கணக்கை இணைப்பது பற்றிக் கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் தேன், சிப்ஸ், கயிறு என்று ஆன்லைனில் விற்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சப்ளையரையும் கோடவுனையும் ஸ்டாக் சாஃப்ட்வேரோடு சேர்த்துவிடுவதுதான் என் தினசரி வேலை. படித்துப் பார்த்ததில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: திரையில் தெரியும் எண்ணில் எதை நம்பி விற்பது?

மார்த்தாண்டம் பக்கம் இருபது, இருபத்தைந்து வீடுகளில் தேன் வாங்கி விற்கிறேன். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களை சாஃப்ட்வேரில் எப்படி இணைப்பது அண்ணே?

இணைக்கவே வேண்டாம். லாகின் கொடுத்து 'தினமும் ஸ்டாக் போடுங்க' என்றால் ஒரு வாரம் போடுவார்கள், அப்புறம் கிடையாது. 'இந்த வாரம் 40 கிலோ' என்று வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஆள் அதை பர்ச்சேஸ் ஆர்டராகப் போட்டு வைக்கட்டும். அது வரவேண்டிய சரக்குதான், விற்கக்கூடிய ஸ்டாக் இல்லை. தேன் உங்கள் தராசில் ஏறி, ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்று பார்த்து, நீங்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் வெப்சைட்டில் எண் கூட வேண்டும். ஒவ்வொரு வீட்டுச் சரக்குக்கும் ஒரு பேட்ச் எண் கொடுங்கள். புகார் வந்தால் எந்த வீட்டுத் தேன் என்று தெரியும்.

இன்னொன்று. நம்மூரில் ரப்பர் தளிர்விடும் மாதங்களில்தான் தேன் வரத்து அதிகம். சீசனில் சப்ளையர் சொன்ன அளவை மழைக்காலத்திலும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். அவர் தருவதாகச் சொன்ன ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கடைசித் தேதி போடுங்கள், தாண்டினால் தானாக அழியட்டும்.

நாகர்கோவிலில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறோம். கடை, சொந்த வெப்சைட், அமேசான் மூன்றிலும் விற்பனை. கடைசிப் பாக்கெட் இரண்டு பேருக்கு விற்றுப்போகிறது.

முதல் காரணம் உங்கள் கல்லாதான். கடை பில்லிங் தனியாக ஓடினால் மற்ற இரண்டுக்கும் அது தெரியாது. அதையும் அதே ஸ்டாக்கிலிருந்து கழியுங்கள். முடியாவிட்டால் கடைக்கென்று சரக்கைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, இணைத்துவிட்டாலும் எல்லாம் அந்த நொடியே மாறாது. சில சேனல்கள் (விற்கும் தளங்கள்) ஆர்டர் விழுந்ததும் வெப்ஹூக்கில், அதாவது தானாகப் போகும் செய்தியில், சொல்லிவிடும். சிலவற்றைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை சாஃப்ட்வேர்தான் போய்க் கேட்க வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் பஃபர், அதாவது காட்டாமல் பிடித்துவைக்கும் கொஞ்சம் சரக்கு. 30 பாக்கெட் இருந்தால் அமேசானில் 25 காட்டுங்கள்.

மூன்றாவது, பாக்கெட் அளவு. பத்து கிலோ டின் ஒன்றை 250 கிராமில் 40 என்றும், ஒரு கிலோவில் 10 என்றும் ஒரே நேரத்தில் காட்டினால் இருபது கிலோ விற்றதாகிவிடும். ஆர்டர் வந்த பிறகு பாக்கெட் போடுபவர் என்றால் டின்னைக் கிலோ கணக்கில் வைத்து, இரண்டு பாக்கெட்டையும் காம்போசிட் ஐட்டமாக (விற்றால் டின்னிலிருந்து கழியும் பொருளாக) அதில் கட்டுங்கள். முன்கூட்டியே பாக்கெட் போட்டு அடுக்குபவர் என்றால் இரண்டுக்கும் தனி எஸ்கேயூ (பொருள் குறியீடு), டின்னில் குறைத்துப் பாக்கெட்டில் கூட்ட தினமும் ஒரு பேக்கிங் என்ட்ரி. இரண்டையும் கலந்து செய்கிற கடையில் கணக்கு ஒருநாளும் சேராது.

காலாவதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கைக்குச் சேரும்போது பொருளின் ஆயுளில் 30 விழுக்காடோ, 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று ஆன்லைன் நிறுவனங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024இல் சொல்லியிருக்கிறது. முதலில் காலாவதியாகும் பேட்ச் முதலில் வெளியே போகும்படி செட் செய்யுங்கள்.

ஈத்தாமொழியில் எனக்குக் கயிறு தரும் மில்லில் டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) இருக்கிறது. நேரடியாக இணைக்கலாமா?

இணைக்கலாம். டாலி எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தில் மற்ற சாஃப்ட்வேரோடு பேசும், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (இணைப்பு வாசல்). ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் டாலி திறந்திருந்தால்தான் பேசும். மில்லைப் பூட்டினால் இணைப்புக்கும் பூட்டு. சாயங்காலம் ஒருமுறை ஸ்டாக் சம்மரியை எக்ஸெலில் வாங்கி ஏற்றினாலே உங்களுக்குப் போதும். அவர் கிலோவில் எழுதுவார், நீங்கள் மீட்டரில் விற்பீர்கள். அவர் வைத்த பெயர் ஒன்று, உங்கள் எஸ்கேயூ வேறு. இதற்கு ஒரு மாற்று அட்டவணை போடுவதில்தான் நேரம் போகும். அவர் டாலியில் நீங்கள் எதையும் எழுத வேண்டாம், படித்தால் மட்டும் போதும்.

கருங்கல்லில் இருந்து கேட்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு கோடவுன், திருவனந்தபுரத்தில் ஒரு கோடவுன் எடுக்கப்போகிறோம். சாஃப்ட்வேரில் லொகேஷன் சேர்த்தால் முடிந்ததா?

லொகேஷன் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை. முதலில் ஆடிட்டரைப் பாருங்கள். கோவையை உங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்துவிட்டால் டெலிவரி சலானில் (வரி பில் இல்லாத அனுப்புச் சீட்டு) சரக்கு போகும், வரி கிடையாது. மாநிலத்துக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு). களியக்காவிளை தாண்டினால் கதையே வேறு. கேரளத்துக்குத் தனி ஜிஎஸ்டி எண் வேண்டும், உங்கள் சரக்கை உங்கள் கோடவுனுக்கே அனுப்பினாலும் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) போட்டு பில், 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில். உணவுப் பொருளானால் ஒவ்வொரு கோடவுனுக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமமும் பாருங்கள்.

சாஃப்ட்வேரில் கவனிக்க வேண்டியது டிரான்சிட், அதாவது வழியில் இருக்கும் சரக்கு. லாரி கிளம்பியதும் இங்கே குறைய வேண்டும், அங்கே இறக்கி எண்ணி ஒத்துக்கொண்ட பிறகுதான் கூட வேண்டும்.

ஒரே ஆர்டருக்கு ஸ்டாக் இரண்டு முறை குறைகிறது. (குளச்சல்)

உங்கள் சாஃப்ட்வேரிலிருந்து பதில் வராததால் சேனல் அதே ஆர்டர் செய்தியை மறுபடி அனுப்பியிருக்கும். ஆர்டர் எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே கழித்ததை விட்டுவிடும்படி சாஃப்ட்வேர்காரரை எழுதச் சொல்லுங்கள்.

ரீஆர்டர் அலர்ட்டுக்கு (மறுபடி சரக்கு வாங்கச் சொல்லும் எச்சரிக்கைக்கு) என்ன எண் போடுவது? (தக்கலை)

தினசரி விற்பனையை சரக்கு வந்து சேரும் நாளால் பெருக்கி, கொஞ்சம் அவசரக் கையிருப்பு கூட்டுங்கள். நாளுக்கு 12, சப்ளையருக்கு 5 நாள், அவசரக் கையிருப்பு 24 என்றால் 84இல் அலர்ட். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் சிப்ஸுக்குப் பழைய சராசரியை நம்பாதீர்கள், கையால் ஏற்றுங்கள்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

ஒரு கோடவுன், இரண்டு சேனல் என்றால் ஜோஹோ இன்வென்டரி மாதிரி ஒன்று தாராளம். சேனலும் கோடவுனும் பெருகினால் யூனிகாமர்ஸ் பக்கம் பாருங்கள். எதுவானாலும் டெமோவில் ஒரு ஆர்டர் போட்டு, உடைந்த பாட்டில் ரிட்டர்ன் வந்ததாகக் காட்டச் சொல்லுங்கள். அதை யாரும் பார்க்காமல் தானாக விற்கும் ஸ்டாக்கில் சேர்த்துவிட்டால், அந்த செட்டிங்கை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வாங்க வேண்டாம்.