வாய்மொழித் தேர்வில் 'கானா' தகராறு

தமிழ் எழுத்தில் இந்தி எழுதிப் படிப்பதை இன்றே நிறுத்துங்கள். சொல் தெரிந்தும் வாய்மொழிப் பயிற்சியில் ஆசிரியருக்குப் புரியவில்லை என்கிறீர்களே, சிக்கல் அநேகமாக அங்கேதான். நமக்கு ஒரே 'க', இந்திக்கு நான்கு (ka, kha, ga, gha). சாப்பாடு (khaanaa), பாட்டு (gaanaa), ஒற்றைக் கண்ணன் (kaanaa) மூன்றையும் நாம் 'கானா' என்றே எழுதிவைப்போம், சாப்பாடு ருசி என்று சொல்லப்போய் ஒற்றைக் கண்ணனை ருசி பார்த்த கதை என்னுடையது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். காப்பிக்கடையில் மேசைக்கு இடம் பிடிக்க வைப்போமே, அந்த டிஷ்யூ தாளில் ஒன்றை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு மூன்றையும் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் தாள் துள்ள வேண்டும். பாட்டுக்குத் துள்ளாது, ஆனால் முதல் எழுத்திலேயே தொண்டை அதிரும், விரல் வைத்தால் தெரியும்.

சொல்வளத்துக்கு, பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் 'அச்சீ கிதாப்' (நல்ல புத்தகம், பெண்பால்), 'டண்டா பானி' (குளிர்ந்த தண்ணீர், ஆண்பால்) என்று ஜோடியாகப் படியுங்கள், ஆண்பால் பெண்பால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று, கைப்பேசியில் பேசித் தட்டச்சு செய்து சோதிப்பதாக இருந்தால் முழு வாக்கியத்தை நம்பாதீர்கள், தப்பாகச் சொன்னாலும் அது இடம்பார்த்துத் திருத்திவிடும். தனிச் சொல்லாகச் சொல்லுங்கள்.