எரிநட்சத்திரம் வந்தபோது கமரா எங்கே போனது?

கேள்வி: போன டிசம்பரில் ஜெமினிட் விண்கல் பொழிவைப் படம்பிடிக்க மொட்டைமாடியில் விடிய விடிய நின்றேன். கண்ணால் நான்கு எரிநட்சத்திரம் கண்டேன், படத்தில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்களுக்கு மட்டும் எப்படி அமைகிறது? இன்னொன்று, 20 செக்கன் படம் எடுத்தால் அடுத்த 20 செக்கன் கமரா அசையாமல் நிற்கிறது. பழுதா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: பழுதில்லை தம்பி. ஆனால் உங்கள் நான்கில் இரண்டையாவது அந்தச் சும்மா நின்ற நேரம்தான் விழுங்கியிருக்கும்.

எனக்கும் நடந்ததுதான். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 10 மணிநேரம், 13 மணிநேரம் என்று போனதே, அப்போது ஓர் இரவு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் மாடிக்கு ஏறினேன். அமாவாசையை ஒட்டிய இருட்டு. தென்கிழக்கே, பக்கவாட்டில் சரிந்தபடி தெற்குச் சிலுவை நட்சத்திரக் கூட்டம்! எத்தனையோ வருடமாகத் துணி காயப்போடும் மாடி, அதுவரை அங்கிருந்து அதை நான் கண்டதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தலைக்கு மேலிருந்து கடற்பக்கம் பச்சையாக ஒரு தீக்கோடு. கீழே வீதியில் யாரோ “அம்மாடி” என்றது காதில் விழுந்தது. கமராவைப் பார்த்தால் சிவப்பு லைட் மினுங்குகிறது, ஷட்டர் மூடியிருக்கிறது.

மெனுவில் ‘லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்ஷன்’ என்று ஒன்று இருக்கும். படம் எடுத்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு, அதே அளவு நேரம் வெறும் இருட்டை இன்னொரு படமாக எடுத்து, சூட்டில் சென்சரில் தானாக விழும் பொய்ப் புள்ளிகளைக் கழிக்கும் வேலை அது. நல்ல வசதிதான், எரிநட்சத்திரத்துக்குச் சரிவராது. இரவில் பாதி நேரம் கமரா குருடு. அதை நிறுத்திவிடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் புள்ளிகள் விழத்தான் செய்யும். முடிவில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே செட்டிங்கில் பத்து இருட்டுப் படம் எடுத்துவைத்தால் கணினியில் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம், 20 செக்கன் நம் ஊருக்கு அதிகம். எரிநட்சத்திரம் பெரும்பாலும் ஒரு செக்கனுக்குள் போய்விடும். ஷட்டரை அதிகநேரம் திறந்துவைத்தால் அதன் கோடு பிரகாசமாவதில்லை, நகர வெளிச்சத்தில் வானம்தான் செம்மஞ்சளாகும். அகலமான லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800, 8 செக்கன், இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து. துறைமுக லைட் பக்கம் திருப்பாதீர்கள். ஜெமினிட் உச்சம் டிசம்பர் 13, 14. அவை கிளம்புவதுபோல் தெரியும் மிதுன நட்சத்திரக் கூட்டம் நள்ளிரவுக்குப் பின் உச்சிக்கு வரும்போதுதான் பார்க்க வேண்டும். ஏசி அறையிலிருந்து கமராவை நேரே மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் வியர்த்துவிடும்.

ஒரே படத்தில் முப்பது கோடு தெரிவதைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். அவை இரவு முழுக்க எடுத்ததை ஒட்டிய படங்கள். ஒட்டுவதில் தப்பில்லை, சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்காது.

எனக்கும் பிறகொரு டிசம்பரில் ஒன்று மாட்டியது. அறுநூற்றுச் சொச்சம் படத்தில் ஒரே ஒரு கோடு, அதிலும் பாதி பக்கத்து பிளாட்டின் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்.