வாசகர் கேள்வி – பதில்: லார்டு பட்டம் யாருக்குப் போகும்?

கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்த கன்னிமாரா பிரபுவின் பட்டத்தை இப்போது யார் வைத்திருக்கிறார்? (எழும்பூர் வாசகர்)

யாரும் இல்லை. ராபர்ட் பர்க் சென்னை கவர்னராக இருந்தபோது, 1887-ல், பாரன் (Baron, பிரபு பட்டங்களில் ஒரு படி) கன்னிமாரா ஆக்கப்பட்டார். (பேரன் என்று எழுதினால் வாரிசுக் கணக்கே குழம்பிவிடும், அதனால் பாரன்.) பிள்ளையில்லாமல் 1902-ல் இறந்தார், பட்டமும் அவரோடு போயிற்று. இத்தனைக்கும் அண்ணன் பிள்ளைகள் இருந்தார்கள். 1872-ல் அந்தமானில் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபுதான் அந்த அண்ணன்.

அப்படியானால் கூடப்பிறந்தவர் வழிக்குப் பட்டம் போகவே போகாதா? வென்லாக் பட்டம் அண்ணன் தம்பிகளுக்குள் கைமாறியதாகப் படித்தேனே. (பெரம்பூர் வாசகர்)

நீங்கள் படித்ததும் சரி, மேலே சொன்னதும் சரி. பட்டத்தை உயில் எழுதிக் கொடுக்க முடியாது. அதைத் தந்த அரச சாசனத்தின் வாசகம்தான் விதி. பெரும்பாலும் ‘இவருக்கும், இவர் உடல்வழி முறையாகப் பிறந்த ஆண் வாரிசுகளுக்கும்’ என்றிருக்கும். இதில் ‘இவர்’ என்பது முதன்முதலில் பட்டம் பெற்றவர். தேடுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கடைசியாகப் பட்டம் வைத்திருந்தவரின் மூத்த மகனிலிருந்து தொடங்குங்கள். அவர் முன்பே இறந்திருந்தால் அவருடைய மகன். இரண்டாவது மகன் உயிரோடிருந்தாலும் இந்தப் பேரனுக்குத்தான் முதலிடம். மகன்கள் வழி முழுக்க அற்றுப்போனால் ஒரு தலைமுறை மேலேறி, தம்பிகள்; அதற்கும் மேலே சித்தப்பா, பங்காளிகள். முதல் பட்டக்காரர் வரை ஏறலாம். அவரைத் தாண்டி அவருடைய அப்பாவிடம் போகக்கூடாது.

இப்போது வென்லாக்கைப் பாருங்கள். 1831-ல் ராபர்ட் லாலி முதல் பாரன் ஆனார். 1834-ல் பிள்ளையின்றி இறந்தார். தம்பிகள் இருந்தும் பட்டம் ஒழிந்தது. தம்பி பால் பெய்ல்பிக்கு 1839-ல் அதே பெயரில் புதிய சாசனம் கிடைத்தது. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அவருடைய பேரன் பெய்ல்பி லாலி, மூன்றாம் பாரன், 1891 முதல் 1896 வரை நம் கவர்னர். ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் இவர் பெயரில்தான். இவருக்கு மகள் மட்டும்தான். ஆகவே 1912-ல் தம்பி ரிச்சர்டு, 1918-ல் அடுத்த தம்பி அல்ஜெர்னன், 1931-ல் கடைசித் தம்பி ஆர்தர். நால்வரும் புதிய முதல் பாரனின் பேரன்கள் என்பதால் தடையில்லை. ஆர்தரும் சென்னை கவர்னராக இருந்தவர் (1906–1911). கோவை லாலி ரோடு அவர் பெயர். மகன் முன்பே இறந்துவிட்டதால், 1932-ல் ஆர்தரோடு கதை முடிந்தது.

மகளுக்கு வழியே இல்லையா? (மயிலாப்பூர் வாசகி)

சாசனத்தில் தனியாக எழுதியிருந்தால் உண்டு. மவுண்ட்பேட்டனுக்கு இரண்டும் பெண்கள் என்பதால் அப்படி எழுதப்பட்டது. 1979-ல் மூத்தவர் பெட்ரீஷியா பட்டத்துக்கு வந்தார். சாசனம் இல்லாமல், பாராளுமன்ற அழைப்பாணையால் உண்டான பழைய பாரன் பட்டங்களும் மகளுக்குப் போகும். ஆனால் மகள்களுக்குள் மூத்தவர் இளையவர் கிடையாது. மூவர் இருந்தால் மூவருக்கும் சம உரிமை. பட்டத்தை மூன்றாகக் கூறுபோட முடியாதே! ஒரு கிளை மட்டும் மிஞ்சும்வரை, அல்லது அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை, பட்டம் அந்தரத்தில் தொங்கும். சில பட்டங்கள் நூற்றாண்டுக்கணக்கில் தொங்கியிருக்கின்றன. 2013-ல் ஆண்–பெண் பேதத்தை நீக்கிய சட்டம் அரியணைக்கு மட்டும்தான்.

தத்துப்பிள்ளை? இந்து முறைத் திருமணத்தில் பிறந்த பிள்ளை? (அண்ணா நகர் வாசகர்)

தத்துப்பிள்ளைக்குப் பட்டம் வராது. இரண்டாவதற்கு ஒரு வழக்கே நடந்தது. பரம்பரைப் பட்டம் பெற்ற ஒரே இந்தியர் எஸ்.பி. சின்ஹா, 1919-ல் பாரன் ஆனார், 1928-ல் இறந்தார். பலதார மணத்துக்கு இடம் தந்த காலத்து இந்துத் திருமணம் ‘முறையானது’தானா என்ற கேள்வி எழுந்து, மகன் அருண்குமாரின் உரிமை 1939-ல்தான் ஏற்கப்பட்டது.

இன்று உரிமை கோருபவர், 2004-ல் ஏற்பட்ட பிரபுக்கள் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். தன் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, முன்னவரின் இறப்புச் சான்று கட்டாயம். தனக்கு முன்னுரிமை உள்ள கிளை இருந்திருந்தால், அது ஆண் வாரிசின்றி முடிந்ததையும் நிரூபிக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இதில்தான். பெயர் ஏறாதவரை அரசு ஆவணங்களில் பட்டம் போட மாட்டார்கள். பட்டம் வேண்டாம் என்றால், 1963 சட்டப்படி 12 மாதங்களுக்குள் துறக்கலாம். அவர் இறந்ததும் அது அடுத்த வாரிசுக்குப் போய்விடும்.

ஸ்காட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் லார்டு ஆகலாம் என்று ஆன்லைனில் விற்கிறார்களே? (வேளச்சேரி வாசகர்)

அது நினைவுப்பொருள். பிரபு பட்டத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. தவிர, வெளிநாட்டு அரசு உண்மையாகவே தந்தாலும், நம் அரசியலமைப்பின் 18-வது பிரிவுப்படி இந்தியக் குடிமக்கள் அதை ஏற்கக்கூடாது.